துறையில் நின்ற வண்டி

அந்தத் தீவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. படகுத்துறைக்குப் போய் அங்கே நிற்கும் கைவண்டிகளைப் பார்த்தால் போதும்.

தீவில் கார் கிடையாது, பைக்கும் கிடையாது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அகலத்தில்தான் பாதைகள். அதிலும் பாதிக்கு மேல் ஏற்றம். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், துணி அலமாரி, கால் முறிந்த ஆள், எதுவானாலும் கைவண்டியில்தான் போகும். அக்கரை நகரத்துக்குப் படகேறுகிறவர்கள் வண்டியைத் துறைச் சரிவில் நிறுத்திவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் வாங்கி வந்ததை அதில் ஏற்றி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆகவே வண்டி துறையில் நின்றால் ஆள் அக்கரையில். வண்டி இல்லையென்றால் ஆள் வீட்டில்.

அல்லது ஆளே இல்லை. ஒருவர் இறந்துபோனாலோ, தீவே வேண்டாம் என்று போய்விட்டாலோ, வீட்டில் மிஞ்சியவர்கள் வந்து அவருடைய வண்டியை மேலே கொண்டுபோய்விடுவார்கள். "அவங்க வண்டிய ஏத்திட்டாங்க" என்று யாராவது சொன்னால், அந்த ஆளைப் பற்றி அதற்கு மேல் விசாரிக்கக் கூடாது. வண்டி நிற்காத வெற்றிடம் ஒன்றுதான். அதற்கு அர்த்தம் இரண்டு இருந்தது. தீவுக்காரர்கள் அதில் குழம்பியதில்லை. ஒருவர் வீட்டு விஷயம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்தால்தானே குழப்பம்.

துறையில் ஒரு நீல வண்டி ஏழு வருஷமாக நின்றது.

அதற்கு எதிரே, தகரக் கூரை போட்ட கொட்டகையில் வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டி, பேரிங் மாற்றி, காற்றடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் பம்ப்பக்கா என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்தெட்டு. கிரீஸ் ஏறிய விரல்களை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிராளி கொஞ்ச நேரம் பேசமாட்டார். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தாளானால் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். மனிதர்கள் விஷயத்தில் அவளுக்கு அந்தக் காது இல்லை. அது அவளுக்கும் தெரியும், கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

நீல வண்டி அவள் தங்கையுடையது.

ஒரே வீட்டுக்கு இரண்டு வண்டி இருந்தது அந்த வீட்டில் மட்டும்தான். சின்ன வயதில் வண்டிக்காக இருவரும் போட்ட சண்டை தாங்காமல் அப்பா இரண்டு செய்து, ஒன்றுக்குப் பச்சையும் ஒன்றுக்கு நீலமும் அடித்துக் கொடுத்தார். பிறகு நிறத்துக்காகச் சண்டை போட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பின் அக்காவும் தங்கையும் அதே வீட்டில் இருபது வருஷம் இருந்தார்கள். காலையில் யார் முதலில் எழுந்தாளோ அவள் தேநீர் போடுவாள். மற்றவள் அதில் குறை சொல்வாள். இருவருக்கும் கல்யாணம் கூடவில்லை, இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதுமில்லை. தங்கை அக்கரையில் ஒரு தையற்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். மாலைப் படகு வரும் நேரத்தில் அக்கா கொட்டகையிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எதற்கோ வெளியே வந்தவள்போலத் துறையைப் பார்த்தபடி நிற்பாள். தங்கை இறங்கி நீல வண்டியை எடுப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் அந்த வாழ்க்கை. அதில் சந்தோஷம் இருந்ததா என்று அன்று கேட்டிருந்தால், "போய் வேலையப் பாரு" என்றுதான் அக்கா சொல்லியிருப்பாள்.

நாற்பத்தேழாம் வயதில் தங்கை ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். சமையலறையில், பாத்திரம் துடைத்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

தீவு ஒரு வாரம் சிரித்தது. "வண்டியே ஓடாத ஊர்ல பொறந்துட்டு, பஸ் டிரைவரா பாத்துப் புடிச்சிருக்கா பாரு." அக்கா சிரிக்கவில்லை.

"பஸ் ஓட்டுறவன். காலைல ஒரு எடத்துலேருந்து கெளம்பி சாயங்காலம் அதே எடத்துக்கு வந்து நிப்பான். அவனுக்கு எங்கயும் போய்ச் சேரத் தெரியாது. அவன நம்பி நீ போறியா?"

"நீ மட்டும் எங்க போய்ச் சேந்துட்ட? அந்தக் கொட்டாயிலயே உக்காந்திருக்க."

"நான் உக்காந்திருக்கறதாலதான் நீ போயிட்டு வர முடியுது."

அது உண்மை. ஆனால் அவள் சொல்ல வேண்டிய உண்மை அதுவல்ல. 'நீ போய்விட்டால் மாலைப் படகு வரும்போது நான் எதற்காக எழுந்து நிற்பது' என்பதுதான் அவள் கேட்டிருக்க வேண்டியது. அது தொண்டையில் நின்றது. தொண்டையில் ஒன்று நிற்கும்போது வாய் வேறு எதையாவது எடுத்து வீசும்.

"போ. நீ படகேறின மறுநாளே உன் வண்டிய மேல ஏத்திடுவேன்."

தங்கை துடைத்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "ஏத்திக்கோ" என்றாள்.

மறுநாள் அவள் போனாள். வழக்கம்போல நீல வண்டியில் பெட்டியை வைத்துத் துறை வரை தள்ளிப்போய், வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டுப் படகேறினாள்.

அதற்கு அடுத்த நாள் அக்கா வண்டியருகே போனாள். கைப்பிடியைப் பிடித்தாள். இடது டயரில் காற்று குறைந்திருந்தது. காற்றுக் குறைந்த வண்டியை ஏற்றத்தில் தள்ளக் கூடாது, டியூப் மடிந்து கிழியும். ஆகவே காற்றடித்தாள். அடித்து முடித்ததும் மதியப் படகு வந்துவிட்டது, கொட்டகையில் ஆள் காத்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

அந்த 'நாளை' ஏழு வருஷமாக வரவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் அந்த வண்டிக்குக் காற்றடித்தாள். அச்சுக்கு கிரீஸ் வைத்தாள். மழைக்கு முன் பலகைக்கு எண்ணெய் தடவினாள். உப்புக்காற்றில் நீலம் வெளுத்தபோது இரண்டு தடவை வர்ணம் அடித்தாள். அதே நீலம் கிடைக்கவில்லை, கொஞ்சம் கூடிப்போயிற்று. இடது சக்கரம் இற்றுப்போனதும் கட்டம் போட்ட தடித்த டயர் ஒன்றை மாட்டினாள். வலது பக்கம் பழைய வழவழப்பான டயரே இருந்தது. தன்னுடைய பச்சை வண்டியைக் கொட்டகைக்குள் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஸ்பானர்களையும் டியூப் துண்டுகளையும் பரப்பி வேலை மேசையாக்கிக்கொண்டாள். அக்கரைக்கே போகாதவளுக்கு வண்டி எதற்கு? உதிரிச் சாமான்களையெல்லாம் படகுக்காரர் வாங்கி வந்து கொடுத்துவிடுவார்.

இதை அன்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவசரப்படத் தேவையில்லை. அன்பென்றால் இருபத்தைந்து நிமிஷம் படகில் உட்கார்ந்து போய்ச் சொல்லியிருக்கலாம். காற்றடிப்பதுதான் அவள் அறிந்த பேச்சு. அந்தப் பேச்சு அக்கரைவரை கேட்காது என்பதும் தெரிந்தே பேசிக்கொண்டிருந்தாள். கேட்காத இடத்தில் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பதில் வராததற்குக் காரணம் தேட வேண்டாம்.

கொட்டகையில் உட்கார்ந்தால் நகரத்தின் கடற்கரைச் சாலை தெரியும். சாலையில் சிவப்பு பஸ்கள் தீப்பெட்டி அளவில் போகும், வரும். அதில் ஒன்று அவன் ஓட்டுவது. எது என்று தெரியாது. எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது.

படகுக்காரரைத் தீவில் கேப்டன் என்பார்கள். நாற்பது பேர் உட்காரும் படகு. அவர் போட்டிருக்கும் தொப்பிக்கு ஒரு கப்பலே சின்னது. தினமும் அக்கரை போய் வருகிற மனிதர், தங்கையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் அக்கா கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. "என்னம்மா, கால்ல வேரு விட்டுடுச்சா? ஒரு நாளாவது வந்து என் படகுல குந்துறியா?" என்று மட்டும் அவ்வப்போது சீண்டுவார்.

"ஒங்க படகு ஓட்டையை அடைக்க டியூப் துண்டு வேணும்னா சொல்லுங்கண்ணே, இங்கேருந்தே தர்றேன்."

அந்த வருஷம் துறைச் சரிவை உடைத்துப் புதிதாகக் கான்கிரீட் போடுவதாக முடிவாயிற்று. தீவுச் சங்கத்தின் செயலாளர் ஒரு தாளை எல்லா வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். ஞாயிறு மாலைக்குள் அவரவர் வண்டியை அவரவர் எடுத்துவிட வேண்டும். கேட்பாரற்று நிற்கிறவை இடிபாடுகளோடு சேர்த்து ஏற்றி அனுப்பப்படும்.

கொட்டகைக்கு வந்து அந்தத் தாளை அவர் நேரில் நீட்டினார். ரிட்டயரான பள்ளிக்கூட கிளார்க்; எதையும் இருமிவிட்டுத்தான் சொல்வார்.

"ஒங்க வண்டி ஒண்ணும் கீழ இல்ல, தெரியும். இருந்தாலும் அந்த நீலம்..."

"அது கேட்பாரத்த வண்டி இல்ல."

"அப்டி நான் சொல்லலியே. வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சிடுங்க. அவ்ளோதான். வண்டிய எடுத்தா என்ன, அது வெறும் வண்டிதானே."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போன வருஷம் ஒங்க வீட்டம்மா வண்டிய எடுக்க எத்தன நாள் ஆச்சு?"

அவர் இருமினார். "நாப்பத்தஞ்சு நாள்" என்றார். பிறகு தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா காற்றடித்தாள். ஏற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். ஞாயிறு மாலை, எல்லோரும் எடுக்கும்போது கூட்டத்தோடு கூட்டமாக எடுத்துவிட்டால் அதற்கு அந்த அர்த்தம் வராது. அர்த்தம் என்பது பார்க்கிறவர்களிடம்தானே இருக்கிறது. இப்படி யோசித்தபடியே வீடு போனாள். ஆனால் பார்க்கிறவர்களில் தானும் ஒருத்தி என்பது வீட்டுக் கதவைத் திறக்கும்போது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் துறைக்கு வந்தபோது நீல வண்டி இல்லை.

முதலில் இடம் மாறி நிற்கிறதோ என்று பார்த்தாள். முப்பது வண்டிகள் நின்றன, துருப்பிடித்தும் ஒரு பக்கம் சாய்ந்தும். நீலம் இல்லை. அது நின்ற இடத்தில் மட்டும் தரை வெளுப்பாக, ஒரு பெட்டியைத் தூக்கியெடுத்த சுவர்மூலைபோல இருந்தது.

வண்டி துறையில் இல்லையென்றால் ஆள் வீட்டில்.

அவள் அங்கேயே நின்றாள். மளிகைக்கடைக்காரம்மா கடைவாசலிலிருந்து கத்தினாள்: "என்ன பம்ப்பக்கா, ஒந்தங்கச்சி வந்துட்டாளாமே! இப்பதான் சொல்லிக்கிட்டாங்க. ஒரு பால் பாக்கெட்டு சேத்து எடுத்து வைக்கவா?"

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? வண்டியக் காணமே!"

அக்கா கொட்டகையைப் பூட்டவில்லை. ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில் அந்த ஏற்றத்தை அவள் ஓடியதைத் தீவு பல நாள் பேசிற்று. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள், எதிரே வந்த இரண்டு பேர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அவள் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: காலையில் தேநீர் குடித்த டம்ளரைக் கழுவாமல் வந்துவிட்டோம், வந்தவள் அதைப் பார்த்துக் குறை சொல்வாள். சொல்லட்டும். வாய் வலிக்கச் சொல்லட்டும்.

வீட்டுக் கதவு பூட்டியபடி இருந்தது. பின்பக்கம் போனாள். பின்கதவும் பூட்டியிருந்தது. திறந்து உள்ளே போனாள். உள்ளே டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. ஓர் எறும்பு அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. வண்டி தானாக நடக்காது. வெளியே வந்து மண்பாதையைப் பார்த்தாள். விடியற்காலையில் பெய்த தூறலில் பாதை இளகியிருந்தது. அவள் தேடியது பாதை பிரியும் இடத்தில் கிடைத்தது: இடது பக்கம் கட்டம் கட்டமாக, வலது பக்கம் வழவழவென்று. இந்தத் தீவில் அப்படி ஒரு ஜோடிச் சக்கரம் வேறில்லை. தடம் அவள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. மேல்வரிசை வீடுகளை நோக்கிப் போயிருந்தது.

மேல்வரிசையின் கடைசி வீட்டில் முந்தாநாள்தான் ஒரு டீச்சரும் அவள் புருஷனும் குடிவந்திருந்தார்கள். வாசலில் நீல வண்டி நின்றது. அதில் புத்தகக் கட்டுகளும் ஒரு மின்விசிறியும் சுருட்டிய மெத்தையும் இருந்தன.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இளம்பெண். மூச்சிரைக்க நிற்கும் அக்காவைப் பார்த்துப் பயந்துபோய், "உள்ள வாங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"இந்த வண்டி..."

"இதுவா? சாமான் படகு ஏழரைக்கே வந்துடுச்சு. கீழ அத்தன வண்டி நின்னுச்சு. ஒண்ணொண்ணும் துருப்புடிச்சி, கிறீச்கிறீச்னு. இது ஒண்ணுதான் காத்தெல்லாம் அடிச்சி, எண்ணெ போட்டு, புதுசாட்டம் இருந்துச்சு. அதான் பொது வண்டின்னு நெனச்சோம். சங்கத்துலேருந்து எல்லாருக்குமா வச்சிருக்காங்கன்னு."

அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்து, "சொந்த வண்டிய யாராச்சும் இவ்ளோ நல்லா வச்சிப்பாங்களா, அதான்" என்றான்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு எதுவோவாக மாறப் பார்த்தது. அவள் குனிந்து, தேவையில்லாமல் டயரை அழுத்திப் பார்த்தாள்.

"யாரோடதும்மா?" டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

"என் தங்கச்சியோடது. அக்கரைக்குப் போயிருக்கா."

"ஐயோ. எப்ப வருவாங்க? அதுக்குள்ள கொண்டு விட்டுடறோம்."

ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. தீவுக்காரர்களுக்கு எல்லாம் தெரியும், அதனால் கேட்கத் தெரியாது. அக்கா பதில் தேடினாள். அப்படி ஒன்று தன்னிடம் இல்லை என்பதைவிட, அதை யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று தனக்குத் தெரிந்திருந்தும் கேட்கவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது.

"தெரியலம்மா" என்றாள்.

மூன்று பேரும் சேர்ந்து சாமான்களை இறக்கினார்கள். டீச்சர் தண்ணீர் கொடுத்தாள், மீண்டும் மீண்டும் மன்னிப்புக் கேட்டாள். மூச்சு அடங்கும்வரை அங்கே உட்கார்ந்துவிட்டு, அக்கா வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

பாதை பிரியும் இடத்தில் நின்றாள். வலது பக்கம் போனால் வீடு. இருநூறு அடி, லேசான இறக்கம். வண்டிதான் மேலே வந்தாகிவிட்டதே. அவள் ஏற்றவில்லை, யாரோ தெரியாமல் ஏற்றிவிட்டார்கள். இப்படியே வீட்டில் கொண்டுபோய்ப் போட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் எல்லாம் முடிந்துவிடும். கைப்பிடியை வலது பக்கம் திருப்பினாள். பத்தடி போயிருப்பாள்.

"நில்லும்மா!"

கீழேயிருந்து கேப்டன் ஏறி வந்துகொண்டிருந்தார். அக்கரை போன படகு திரும்பி வந்திருக்க வேண்டும். ஹாரன் அடித்ததே அவள் காதில் விழவில்லை. தொப்பி இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தலை இவ்வளவு வழுக்கை என்று அவளுக்குத் தெரியாது.

"ஆக, ஏத்திட்டே. காலைல கடைக்காரம்மா சொன்னா, அவ வந்துட்டான்னு. என் படகுல ஏறாம எப்டி வருவா, நீந்தியா? எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சு. ஏழு வருஷம் வச்சிருந்துட்டு, போயும் போயும் இந்தக் கான்கிரீட்டுக்குப் பயந்து ஏத்திட்டியேம்மா."

"நான் ஏத்தலண்ணே. புதுசா வந்த டீச்சர் தெரியாம..."

"தெரியாமலா?" கேப்டன் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்படியே பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நான் இல்லன்னு சொல்லிட்டேனே."

"யாருகிட்ட?"

"யாருகிட்ட சொல்லுவேன்? சனிக்கெழம சனிக்கெழம பத்து மணிக்கு அக்கரத் துறைக்கு வந்து நிப்பா. மழையோ வெயிலோ. 'அண்ணே, வண்டி இருக்கா?' அவ்ளோதான் கேப்பா. 'இருக்கு'ன்னு நான் சொல்வேன். போயிடுவா. ஏழு வருஷமா இதான்."

அக்காவின் கை கைப்பிடியை விட்டது. சரிவில் வண்டி நகர்ந்தது. கேப்டன் காலை நீட்டித் தடுத்தார்.

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. 'நான் கேக்கறேன்னு தெரிஞ்சா எனக்காக வச்சிருப்பா. அவளா வச்சிருக்காளான்னுதான் எனக்குத் தெரியணும்'னா. அக்காளும் தங்கச்சியும் என்ன சென்மமோ."

"இன்னிக்கு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பைய ஒரு கையிலேருந்து இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டா. 'சரிண்ணே'ன்னுட்டுப் போயிட்டா." கேப்டன் எழுந்து மணலைத் தட்டிவிட்டார். "அடுத்த சனிக்கெழம வந்தா சொல்றேன், தப்பாயிடுச்சுன்னு. வந்தா."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் வேண்டுமென்று சொன்னாரா, வாய் தவறியா என்பது தெரியாது. அக்கா வண்டியைத் திருப்பினாள். இறக்கத்தில் அது அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. துறைச் சரிவில், வெளுத்த தரைக்கு நேராக, பழைய இடத்திலேயே நிறுத்தினாள்.

பிறகு கொட்டகைக்குள் போனாள். பச்சை வண்டியின்மேல் கிடந்த ஸ்பானர், டியூப், ஒட்டுப்பசை, ஆணி டப்பா எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கீழே தள்ளிவிட்டு, வண்டியை நிமிர்த்தினாள். ஏழு வருஷம் கவிழ்ந்து கிடந்த சக்கரம் சுற்ற மறுத்தது. உதைத்தாள், சுற்றியது. இரண்டு டயரிலும் காற்றே இல்லை. தீவு முழுக்கக் காற்றடித்துக் கொடுத்தவளின் சொந்த வண்டி ரிம்மில் உருண்டு, லொடலொடவென்று மானத்தை வாங்கிக்கொண்டு துறைக்கு வந்தது. அதை நீல வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

வேடிக்கை பார்க்கச் செயலாளரும் வந்திருந்தார். இருமினார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுக்கணும். ரெண்டுமே."

"எடுத்துக்குவோம்" என்றாள் அக்கா.

அவள் 'எடுத்துக்குவேன்' என்று சொல்லவில்லை என்பதைச் செயலாளர் கவனித்தார். ஆனால் அதற்கு இருமவில்லை.

படகில் அவள் ஓரத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து நிமிஷம். தீவு பின்னால் போகப் போக, துறையில் நின்ற வண்டிகளில் ஒரு நீலப்புள்ளியும் ஒரு பச்சைப்புள்ளியும் மட்டும் தனியாகத் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை. அக்கரை இத்தனை பக்கத்திலா இருந்தது என்று நினைத்தாள். தூரம் குறைவாக இருந்தது என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. தூரம் அதிகமாக இருந்திருந்தால் போகாததற்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

"அவ வீடு எங்கண்ணே?"

"எனக்கு எப்டித் தெரியும்? துறையோட சரி. ஆனா மாப்பிள்ள பன்னெண்டாம் நம்பர் ஓட்டுறாரு. துறை வாசல்லதான் வண்டி திரும்பும். நின்னா வருவாரு."

நகரத்தின் துறைவாசலில் அவள் நின்றாள். இரைச்சல் நாலு பக்கமும் அடித்தது. ஏழு வருஷம் தீப்பெட்டியாகப் பார்த்த பஸ்கள் வீட்டளவில் வந்து நின்றன. ஏழாம் நம்பர் வந்தது, பதினாறு வந்தது, ஏழு மறுபடி வந்தது. கையில் பையில்லை, காலில் தேய்ந்த செருப்பு, சேலையில் கிரீஸ். இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போகும்போது சற்று ஒதுங்கிப் போனார்கள்.

பன்னிரண்டு வந்தது.

முன்கதவில் ஏறி டிரைவர் பக்கத்தில் நின்றாள். இந்த மனிதரை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அன்று முகத்தைப் பார்க்க மறுத்துச் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. அவர் அவளைக் கண்டதும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

என்ன சொல்வதென்று படகில் யோசித்து வைத்திருந்தாள். அது போன இடம் தெரியவில்லை.

"வண்டி இருக்கு, மாப்பிள்ள" என்றாள். "ஏத்தல. இருக்கு."

அந்த முறைவைத்து அவள் அவரைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து யாரோ, "போலாமாப்பா?" என்று கத்தினார்கள்.

"காலைலேருந்து ஒரு வாய் சாப்பிடலக்கா அவ" என்றார். "இத நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே வந்து சொல்லுங்க. கடைசி ஸ்டாப்புலதான் வீடு. உக்காருங்க."

அவருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பிற்று. கடற்கரைச் சாலையில் திரும்பியதும் ஜன்னலில் கடல் தெரிந்தது, கடலுக்கு அப்பால் தீவு ஒரு கைக்குட்டை அளவில். அங்கே ஒரு தகரக் கொட்டகை இருந்தது, அதில் யாரும் உட்கார்ந்து இந்தப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இரண்டு வளைவு தாண்டியது. அக்கா தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்து, எதையோ கேட்டாள்.

"மாப்பிள்ள."

"சொல்லுங்கக்கா."

"பின்னால எடது சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு. பாக்கறதில்லையா?"

கண்ணாடியில் அவர் கண்கள் அவளைப் பார்த்தன. "இப்டித்தான் அவளும் எல்லாத்துலயும் கொற சொல்லுவா" என்றார்.

"சொல்லுவா" என்றாள் அக்கா. கடைசி ஸ்டாப்புக்கு இன்னும் எத்தனை ஸ்டாப் என்று கேட்க நினைத்து, கேட்காமல், முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.